குழுவில் உள்ளவர்களின் ஆளுமை வகையைப் படித்து, அதற்கேற்றபடி பேசி வேலை வாங்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் 'வகையைப் படித்து' என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் ஒருமுறை நன்றாக வழுக்கி விழுந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் பராமரிப்புக் குழு என்னுடையது. சில வருடங்களுக்கு முன் எங்கள் எல்லோருக்கும் டிஸ்க் என்ற ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். டி என்றால் அதிரடி, ஐ என்றால் கலகலப்பு, எஸ் என்றால் நிதானம், சி என்றால் துல்லியம். சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு வண்ண அட்டை கைக்கு வந்துவிட்டது. நான் அதோடு நிற்காமல் எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'வகை' என்று ஒரு கட்டம் வேறு சேர்த்துவிட்டேன்.

ஒருவருக்கு அழுத்தமான எஸ் வந்திருந்தது. மாற்றம் பிடிக்காது, பழகிய வேலையைப் பொறுமையாகச் செய்வார் என்றது குறிப்பு. நானும் அவரை மாதக் கடைசி ரிப்போர்ட் வேலையிலேயே வைத்திருந்தேன். புது ப்ராஜெக்ட் வரும்போதெல்லாம் 'பாவம், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று நானே முடிவு செய்துகொள்வேன். அக்கறை என்றுதான் நினைப்பு. இரண்டு வருடம் கழித்து ராஜினாமா கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரே வேலை சார், சலிச்சுப் போச்சு" என்றார். உங்களுக்கு எஸ் வந்ததே என்று இழுத்தேன். சிரித்துவிட்டார். "அந்த டெஸ்ட் எழுதினப்ப வீட்ல மூணு மாசக் குழந்தை சார். ராத்திரி தூக்கமே கிடையாது. அப்ப யார் கேட்டிருந்தாலும் எதையும் மாத்தாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

அந்தக் குழந்தை அதற்குள் ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டது. என் எக்செலில் மட்டும் எஸ் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தத் தேர்வுகளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். டிஸ்க்குக்கு அடிப்படையான கருத்தை 1928இல் எழுதிய வில்லியம் மார்ஸ்டன் உளவியலாளர்தான். ஆனால் அவர் தேர்வு எதையும் உருவாக்கவில்லை, அது பின்னால் வந்தவர்கள் கைவேலை. (வொண்டர் உமன் காமிக்ஸ் நாயகியைப் படைத்தவரும் அவரேதான்.) 16 வகை சொல்லும் எம்பிடிஐ என்ற இன்னொரு ஆளுமைத் தேர்வு, உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இதில் எனக்கு உறுத்துவது ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கும் அந்த நடுக்கோடு. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறோம். கோட்டுக்கு மயிரிழை இந்தப் பக்கம் என்றால் உள்முகம், அந்தப் பக்கம் என்றால் வெளிமுகம். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருவது இதனால்தான். ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

'எனக்கு அப்படியே பொருந்தியதே' என்பீர்கள். எனக்கும் பொருந்தியது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்துவிட்டு, முடிவு என்று சொல்லி எல்லோர் கையிலும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது!

இதற்காக எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. அந்த டிஸ்க் தேர்வால் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒன்று உண்டு, அதுவும் என்னைப் பற்றியது. நான் பேசிக்கொண்டே யோசிக்கிற ஆள். மீட்டிங்கில் வாய் திறக்காதவர்களை ஆர்வம் இல்லாதவர்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். யோசித்து முடித்த பிறகுதான் சிலருக்குப் பேச்சு வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. விவாதிக்கப் போகும் விஷயத்தை முந்தின நாளே நாலு வரியில் அனுப்ப ஆரம்பித்தேன். மூன்றாவது மீட்டிங்கில், அதுவரை "ஓகே சார்" தவிர எதுவும் சொல்லாத ஒருவர் பேப்பரில் எழுதி வந்து பத்து நிமிடம் பேசினார். நான் போட்ட திட்டத்தில் இரண்டு ஓட்டையும் காட்டினார்.

ஊக்கப்படுத்துவதில் இதைவிட அதிகமாக ஏமாந்திருக்கிறேன். ஒரு பெரிய கோளாறை ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த பெண்ணை மறுநாள் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. கூச்ச சுபாவம் என்று எழுதி மூடியிருப்பேன், நல்லவேளை கேட்டேன். "என்கூட விடியற வரைக்கும் இன்னும் ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க சார். என் பேரை மட்டும் சொன்னா அவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். இது சுபாவமே இல்லை, நியாயம். அடுத்தவர் நடத்தைக்கு அவர் சூழ்நிலையைப் பார்க்காமல் அவர் குணத்தையே காரணமாக்கும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலில் ஒரு பெயரே உண்டு, 1977இல் லீ ராஸ் வைத்தது: அடிப்படைக் கற்பிதப் பிழை. வகை அட்டைகள் இந்தப் பிழைக்குத் தீனி போடுகின்றன என்பது என் எண்ணம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன். சமீபத்தில் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? நான் குறுக்கே வருவது அதிகமா, கம்மியா? தப்பைச் சுட்டிக்காட்டுவதானால் நேரில் சொல்லட்டுமா, எழுதி அனுப்பட்டுமா? கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய பதில் வருகிறது. எங்கள் குழுவிலேயே அதிகம் பேசுகிற ஒருவர், "எழுதி அனுப்புங்க சார், நேர்ல சொன்னா தலையாட்டிருவேன், ஒண்ணும் ஏறாது" என்றார். எந்த அட்டையும் இதைச் சொல்லியிருக்காது. பதிலுக்குப் பக்கத்தில் தேதியும் போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் தாண்டினால் அந்தப் பதிலை நம்புவதில்லை.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால், அவர்களைப் படிக்கும் முன் உங்களைப் பற்றி அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நான் சத்தமா யோசிப்பேன். சொல்றதுல பாதி முடிவு இல்ல, தெரிஞ்சுக்கணும்னா கேட்டுருங்க." போன வாரம் நான் வேகமாக ஏதோ அடுக்கிக்கொண்டு போனபோது, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் கையைத் தூக்கி, "சார், இது முடிவா, யோசனையா?" என்றான். யோசனைதான் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டான்.