பழைய ராக் குழுக்களுக்குப் புதிய ஹிட் வேண்டுமா? வாசகர் கேள்வி - பதில்

கே: ஐம்பது வருடம் மேடையேறிவிட்ட ராக் குழுக்கள் இன்னும் சிங்கிள் (தனியாக வெளியாகும் ஒற்றைப் பாட்டு) வெளியிடுகின்றன. பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. பிறகு எதற்கு இந்த உழைப்பு?

ப: ரோலிங் ஸ்டோன்ஸின் தேதிகளைப் பாருங்கள். 'ஆங்ரி' சிங்கிள் 2023 செப்டம்பர் 6 அன்று வந்தது. 'ஹேக்னி டைமண்ட்ஸ்' ஆல்பம் அக்டோபர் 20. இடையில் ஆறு வாரம். 2005க்குப் பிறகு சொந்தப் புதுப் பாடல்களோடு அவர்கள் கொண்டுவந்த முதல் ஆல்பம் அது. அந்தச் சேதி பரவவும், ரசிகர்கள் ஆல்பத்தை முன்பதிவு செய்யவும், அடுத்த ஆண்டு சுற்றுப்பயணத்துக்குப் பேச்சு கிளம்பவும் இந்த ஆறு வாரம் தேவைப்பட்டது. மூத்த குழுவின் சிங்கிள் இப்போது செய்யும் வேலை தண்டோரா போடுவதுதான்.

வாராந்திர ஹிட் பட்டியலில் சிங்கிள் எந்த இடத்தில் நின்றது என்பதற்கும் கச்சேரிக்கு வரும் கூட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு. ஸ்டோன்ஸ் அமெரிக்காவில் கடைசியாக முதலிடம் பிடித்தது 1978இல், 'மிஸ் யூ' பாட்டுக்கு. அதற்கு இருபத்தேழு வருடம் கழித்துத் தொடங்கிய 2005-07 சுற்றுப்பயணம் 55 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஏசி/டிசி குழுவின் நிலை இன்னும் தெளிவு: அமெரிக்காவின் ஹிட் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் அவர்கள் தொட்ட உச்சமே 'மனிடாக்ஸ்' பாட்டின் 23ஆம் இடம். இன்றும் ஸ்டேடியங்களில்தான் வாசிக்கிறார்கள்.

கே: அப்படியென்றால் ஹிட்டே வேண்டாம் என்கிறீர்களா?

ப: இல்லவே இல்லை. பழைய ஹிட் இல்லாமல் ஒரு மூத்த குழுவும் நிற்க முடியாது. 2025இல் ஓயேசிஸ் 41 கச்சேரிகள் வாசித்தது. புதுப் பாட்டு ஒன்றுகூட வெளியிடவில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்கியது தொண்ணூறுகளின் பாடல்களுக்காக.

இரண்டு மணி நேரக் கச்சேரியில் ஏறத்தாழ இருபது பாட்டு வரும். அதில் புதியது மூன்றுக்கு மேல் போனால் அரங்கம் தளர்வது கண்ணுக்குத் தெரியும். எழுந்து நின்றவர்கள் உட்காருவார்கள், வரிசை வரிசையாக வெளியே போவார்கள். அதனால் இரண்டு புதுப் பாட்டை அடுத்தடுத்து வைக்கவே கூடாது. தொடக்கத்தில் இரண்டு தெரிந்த பாட்டு, மூன்றாவதாகப் புதியது, உடனே ஒரு பெரிய ஹிட். இந்த வரிசை பெரும்பாலும் கைகொடுக்கும்.

கே: நாற்பது வருடத்துப் பாட்டு திடீரென்று பட்டியலில் ஏறுகிறதே, எப்படி?

ப: முன்பு கடை விற்பனைதான் கணக்கு, அமெரிக்காவில் வானொலி ஒலிபரப்பும் சேரும். இப்போது இணையத்தில் கேட்டாலே கணக்கு. 1977இல் வந்த ஃப்ளீட்வுட் மேக்கின் 'ட்ரீம்ஸ்', 2020இல் ஒரு டிக்டாக் வீடியோவால் ஹாட் 100இல் 12ஆம் இடம் வரை வந்தது. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986இல் வந்தது, எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும். 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அதை 35ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது.

பிரிட்டன் பட்டியலில் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 2018 விதிப்படி, கட்டணம் செலுத்திக் கேட்பவர்களின் 100 கேட்புகள் ஒரு விற்பனைக்குச் சமம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 600. பழைய பாட்டு என்றால் இந்த எண்கள் இரட்டிப்பாகும், அதாவது 200, 1200. புதியவர்களுக்கு இடம்விடச் செய்த ஏற்பாடு இது, நியாயமானதுதான். 2022இல் கேட் புஷ் 1985இல் வெளியிட்ட பாட்டு மீண்டும் எழுந்தபோது, பட்டியல் நிறுவனம் அதற்கு விலக்கு அளித்து இந்த இரட்டிப்பை நீக்கியது. 37 வருடம் கழித்து அது முதலிடம் பிடித்தது. அவர் தனிப் பாடகிதான். ஆனால் குழுக்களுக்கும் இதே விதிதான்.

கே: ஹிட் ஒன்று கிடைத்து, அதனாலேயே கெட்டுப்போன குழு உண்டா?

ப: கெட்டுப்போனது என்பது பெரிய வார்த்தை; ஆனால் கிரேட்ஃபுல் டெட் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1965இல் தொடங்கிய குழு. இருபத்திரண்டு வருடம் அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் ஒரு பாட்டும் நுழைந்ததில்லை. 1987இல் 'டச் ஆஃப் கிரே' 9ஆம் இடம் பிடித்தது. அதுவரை வந்த ரசிகர்கள் குழுவின் பழக்கவழக்கம் அறிந்தவர்கள். வாகன நிறுத்தத்தில் கூடி, பண்டமாற்றிக்கொண்டு, அமைதியாகக் கலைந்துபோவார்கள். ஹிட்டுக்குப் பிறகு டிக்கெட் இல்லாத கூட்டமும் வந்து குவிந்தது. டிக்கெட் இல்லாமல் வராதீர்கள் என்று குழுவே கேட்டுக்கொண்டது. மைதானத்துக்கு வெளியே கடை போடவும் கூடாரம் அடிக்கவும் தடை விதித்தது. 1995 ஜூலையில் இந்தியானாவின் டியர் க்ரீக் அரங்கில் வேலியை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே பாய, மறுநாள் கச்சேரியையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டை அவர்கள் 1982 முதலே மேடையில் வாசித்துவந்தார்கள். ஐந்து வருடம் ரசிகர் முன் பழுத்த பாட்டு அது.

கே: மூன்று நிமிடத்துக்குள், முதல் நொடியிலேயே பல்லவி என்று இருந்தால்தான் சிங்கிள் எடுபடும் என்கிறார்களே?

ப: புதுமுகத்துக்கு அது பொருந்தலாம். தி க்யூர் குழு 2024 செப்டம்பரில் 'அலோன்' வெளியிட்டது. கிட்டத்தட்ட ஏழு நிமிடம். ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மெதுவான டிரம்ஸும் கீபோர்டும் திரும்பத் திரும்ப அலையடிக்கும். ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் 30 நொடி ஓடினால் ஒரு கேட்பு. இங்கே ஒரு சொல் பாடும் முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது! கிரேட்ஃபுல் டெட் பாட்டைப் போல இதுவும் மேடையில் பழகியது, 2022 சுற்றுப்பயணத்தில் கச்சேரியைத் தொடங்கிவைத்த பாட்டுதான். நவம்பர் 1 அன்று வந்த ஆல்பம், பதினாறு வருடத்தில் அவர்களின் முதல் புது ஆல்பம், பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வயதான குழு தன் இயல்பை மாற்றிக்கொண்டு இளசுகளைத் துரத்தினால் பழைய ரசிகரும் கைவிட்டுப் போவார் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கே: நாங்கள் 25 வருடமாக வாசிக்கும் சிறிய குழு. ஒரு சிங்கிளை ஒழுங்காக வெளியிட வழி சொல்லுங்கள்.

ப: மேடையில் எடுபட்ட பாட்டையே எடுங்கள். முடித்த பதிவை, இசைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தருக்கு நான்கு வாரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கம் வழியாக அதன் தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்கு ஏழு நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்போதுதான் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுவரவுப் பட்டியலில் அந்தப் பாட்டே வந்து நிற்கும். ஒரே நாளில் பத்துப் பாட்டைக் கொட்டுவதைவிட, ஆறு வாரத்துக்கு ஒன்றாக மூன்று சிங்கிள், பிறகு ஆல்பம்.

பலர் சறுக்குவது ஐஎஸ்ஆர்சி எண்ணில். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் அது. சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே எண்ணைக் கொடுங்கள். புது எண் கொடுத்தால் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும். குழுவின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு பக்கம் உருவாகி, பாட்டு அங்கே அனாதையாகக் கிடக்கும். பன்னிரண்டு மாதத்தில் 1000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி (உரிமைத்தொகை) தருவதில்லை; 2024 முதல் இதுதான் விதி.

பாட்டை எழுதியவர் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். அமெரிக்க ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கு மட்டுமே பணம், வாசித்தவருக்கு இல்லை. ஹிட் வந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்த குழுக்கள்தான் உடைந்திருக்கின்றன.

கே: எங்கள் பழைய ஹிட்டின் உரிமை இசை நிறுவனத்திடம் இருக்கிறது. மறுபடி பதிவு செய்யலாமா?

ப: செய்யலாம். டிஜிட்டல் உரிமைத் தகராறில் டெஃப் லெப்பர்ட் 2012இல் தங்கள் ஹிட்களை அச்சு அசலாக மறுபதிவு செய்தார்கள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் மறுபதிவுத் தடை எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். பதிவு வேறு, பாட்டு வேறு. மெட்டும் வரியும் இன்னொருவருடையது என்றால் அவருக்கான ராயல்டி அப்போதும் உண்டு. புதிய பதிவுக்குப் புதிய ஐஎஸ்ஆர்சி எண் வாங்கி, தலைப்பிலேயே மறுபதிவு என்று வருடத்தோடு குறிப்பிட்டுவிடுங்கள்.