ஒரே 5000 எம்ஏஎச், வெவ்வேறு ஆயுள்: பட்ஜெட் கைபேசி குறித்த கேள்வி பதில்

குறைந்த விலைக் கைபேசிகளை ஒப்பிடும்போது பேட்டரியையும் வேகத்தையும் எப்படி எடைபோடுவது என்று பலர் கேட்டிருந்தனர். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவுக்கு விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: என் கைபேசியிலும் தம்பியின் கைபேசியிலும் 5000 எம்ஏஎச் பேட்டரிதான். அவனுடையது மறுநாள் மதியம் வரை தாங்குகிறது. என்னுடையது மாலைக்குள் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. என் பேட்டரியில் குறை இருக்கிறதா?

பதில்: குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எம்ஏஎச் என்ற அளவு பேட்டரிக்குள் எவ்வளவு மின்னூட்டம் அடங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அது எவ்வளவு வேகமாகச் செலவாகும் என்பதைச் சொல்வதில்லை. 5000 எம்ஏஎச் பேட்டரியின் மின்னழுத்தம் 3.87 வோல்ட் என்றால் அதில் ஏறத்தாழ 19.35 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. திரை எரியும் நேரத்தில் ஒரு கைபேசி சராசரியாக 1.5 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் அது 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்; 2.2 வாட் இழுக்கும் கைபேசியோ அதே பேட்டரியில் 9 மணி நேரத்தைக்கூடத் தொடாது. இந்த வித்தியாசத்தை உண்டாக்குபவை திரை, கைபேசியின் மூளையான சிப், சிக்னல், பின்னணியில் ஓடும் செயலிகள் ஆகியவையே. இருவரும் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், ஒரே வெளிச்ச அளவில் ஒரு காணொளியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். இறக்கம் ஏறக்குறைய சமமாக இருந்தால், திரையையும் சிப்பையும் விட்டுவிட்டு, வெளியில் செல்லும்போது கிடைக்கும் சிக்னலையும் பின்னணிச் செயலிகளையும் ஆராயுங்கள்.

கேள்வி: இரண்டு மாடல்களைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். இரண்டின் பெட்டியிலும் "ஆக்டா கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ்" என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் வேகம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பட்ஜெட் கைபேசி வாங்குபவர்களை அதிகமாக ஏமாற்றும் வரி இதுதான் என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹீலியோ ஜி36, ஹீலியோ ஜி99 என்ற இரண்டு சிப்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மீடியாடெக் நிறுவனத்துடையவை, இரண்டிலும் எட்டு கோர்கள் (கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகள்; ஆக்டா என்றால் எட்டு), இரண்டின் உச்ச வேகமும் 2.2 கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஜி36-இல் உள்ள எட்டு கோர்களும் கார்டெக்ஸ் ஏ53 வகையைச் சேர்ந்தவை. அது 2012-இல் அறிவிக்கப்பட்ட, கட்டளைகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் சிறிய கோர். ஜி99-இல் இரண்டு கோர்கள் 2018-இல் அறிவிக்கப்பட்ட கார்டெக்ஸ் ஏ76. மீதி ஆறும் சிறு வேலைகளுக்கான ஏ55. ஏ76 கோர், ஒரு கட்டளை தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்தடுத்த கட்டளைகளை முன்கூட்டியே முடித்துவைக்கும். ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் ஒரு நொடியில் அது முடிக்கும் வேலை பல மடங்கு அதிகம். செயலியைத் திறப்பது, விசைப்பலகை எழும்புவது, இணையப் பக்கம் விரிவது ஆகியவை பெரும்பாலும் ஓரிரு கோர்களின் வலுவைத்தான் சார்ந்திருக்கின்றன. எட்டுச் சிறிய கோர்கள் சேர்ந்தாலும் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

அடுத்ததாக, சிப் எத்தனை நானோமீட்டர் முறையில் தயாரானது என்று பாருங்கள்; பொதுவாக எண் சிறியதாக இருந்தால் முறை புதியது. ஜி36, ஜி85, யூனிசாக் டி606 ஆகியவை 12 நானோமீட்டர். ஜி99, ஸ்னாப்டிராகன் 680, டைமென்சிட்டி 6300 ஆகியவை 6 நானோமீட்டர். ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 என்பது 4 நானோமீட்டர். அதே வேலையைப் புதிய முறையில் தயாரான சிப் பொதுவாகக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கும். வேகமும் பேட்டரி ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறோம். பட்ஜெட் பிரிவில் அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே சிப்பில் சேர்ந்தே வருகின்றன, அல்லது சேர்ந்தே இல்லாமல் போகின்றன.

பெயரில் உள்ள எண் பெரியதாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். டைமென்சிட்டி 6020 என்பது அடிப்படையில் பழைய டைமென்சிட்டி 700-தான். இரண்டும் 7 நானோமீட்டர், இரண்டிலும் 2.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு ஏ76 கோர்கள். சிப்பின் பெயரைத் தேடி, பெரிய கோர் எது, எத்தனை, எத்தனை நானோமீட்டர் என்ற மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு மற்றவற்றைப் பாருங்கள்.

கேள்வி: வேகமான சிப் என்றால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடாதா? எனக்கு விளையாட்டுப் பழக்கம் கிடையாது. மெதுவான சிப்பே போதுமென்று நினைக்கிறேன்.

பதில்: அன்றாட வேலைகளில் அப்படி ஆவதில்லை. வலுவான கோர் ஒரு பக்கத்தைச் சட்டென்று விரித்துவிட்டு உறங்கப் போய்விடும். வலுவில்லாத கோர் அதே பக்கத்துக்காக உச்ச வேகத்தில் நெடுநேரம் திணறும், அதுவரை திரையும் எரிந்துகொண்டே இருக்கும். விளையாட்டில்தான் நிலைமை மாறுகிறது. அங்கே வேலை முடிவதே இல்லை என்பதால், வலுவான வரைகலைப் பிரிவு கொண்ட சிப் அதிகக் காட்சிகளை வரைந்து அதிக மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் விளையாடுவதில்லை என்பதால் ஸ்னாப்டிராகன் 680 போன்ற 6 நானோமீட்டர் சிப்பே உங்களுக்குப் போதும். அதன் வரைகலை வலு குறைவு என்றாலும் சிக்கனமானது.

கேள்வி: "4 ஜிபி ரேம், கூடுதலாக 4 ஜிபி விர்ச்சுவல் ரேம், மொத்தம் 8 ஜிபி" என்று விளம்பரம் செய்கிறார்கள். இது 6 ஜிபி ரேமை விட மேலானதா?

பதில்: 6 ஜிபி உண்மையான ரேம்தான் மேல், இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. விர்ச்சுவல் ரேம் என்பது சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, உடனடியாகத் தேவைப்படாத தரவுகளை அங்கே தள்ளிவைக்கும் ஏற்பாடு. சேமிப்பகத்தின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

சேமிப்பகம் எந்த வகை என்பதும் இங்கே முக்கியமாகிறது. இந்த வரியைப் பல நிறுவனங்கள் விவரப் பட்டியலில் போடுவதே இல்லை. மலிவான கைபேசிகளில் இருக்கும் இஎம்எம்சி 5.1 வகையின் கோட்பாட்டளவு உச்சம் நொடிக்கு 400 எம்பி. அதோடு ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் இயலாது. யுஎஃப்எஸ் 2.2 வகை இரண்டையும் ஒருசேரச் செய்யும். அதன் கோட்பாட்டளவு வேகமும் பல மடங்கு அதிகம். பின்னணியில் செயலிகள் புதுப்பிக்கப்படும்போது கைபேசி தொட்டதற்கெல்லாம் உறைந்து நிற்கிறதென்றால், சிப்பைக் குறை சொல்வதற்கு முன் இந்த வகையைச் சந்தேகியுங்கள். இஎம்எம்சி சேமிப்பகம் கொண்ட 4 ஜிபி கைபேசியில் விர்ச்சுவல் ரேமை நிறுத்திவைத்தே ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். பலருக்கு எந்த இழப்பும் தெரியாது. சேமிப்பகத்தை நிரம்ப விடாமல் ஆறில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பதும் நல்லது.

கேள்வி: நான் மாணவி. நெடுநேரம் பாடநூல்களைத் திரையில் படிக்கிறேன். எச்டி பிளஸ் எல்சிடி, ஃபுல் எச்டி பிளஸ் அமோலெட் இரண்டில் எது சார்ஜை மிச்சப்படுத்தும்? 120 ஹெர்ட்ஸ் தேவையா?

பதில்: எச்டி பிளஸ் எனப்படும் 1600×720 திரையைக் காட்டிலும் ஃபுல் எச்டி பிளஸ் எனப்படும் 2400×1080 திரையில் இரண்டே கால் மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன, அத்தனையையும் வரைய வேண்டியிருப்பதால் சிப்புக்கு வேலை கூடும். ஆனால் 6.7 அங்குலத் திரையில் எச்டி பிளஸ் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 262 பிக்சல்தான். மிகச் சிறிய எழுத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களில் மெய்யெழுத்துகளின் புள்ளியும் சுழிகளும் தெளிவு குன்றித் தெரியலாம். நாள்தோறும் மணிக்கணக்கில் படிக்கும் உங்களுக்கு ஃபுல் எச்டி பிளஸ் வேண்டும் என்பேன்.

எல்சிடியில் படம் கறுப்பாக இருந்தாலும் பின்னொளி எரிந்துகொண்டேதான் இருக்கும். அமோலெட்டில் கறுப்புப் பிக்சல்கள் அணைந்துவிடும். ஆகவே கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் படித்தால் அமோலெட்டில் கணிசமாக மிச்சமாகும். வெள்ளைப் பின்னணியில்தான் படிப்பேன் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவது, பக்கங்களை நகர்த்தும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும். படிப்புக்கு அது தேவையில்லை, 60-இல் வைத்துவிடுங்கள். இவை அனைத்தையும் விட வெளிச்ச அளவைக் குறைப்பதுதான் அதிகம் மிச்சப்படுத்தும்.

கேள்வி: 5ஜி இருந்தால் சார்ஜ் அதிகம் செலவாகுமா?

பதில்: சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் கைபேசி அலைவரிசைகளை மாற்றி மாற்றித் தேடுவதால் செலவு கூடும். அங்கே அமைப்புகளில் 4ஜியைத் தேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: இப்போது 7000 எம்ஏஎச் பேட்டரியோடுகூடக் கைபேசிகள் மெலிதாகவே வருகின்றன. இது எப்படிச் சாத்தியம்? நம்பி வாங்கலாமா?

பதில்: வழக்கமான லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனை கிராஃபைட்டால் ஆனது. புதியவற்றில் சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த கலவை இடம்பெறுகிறது. ஒரே எடைக்கு சிலிக்கான் மிக அதிகமான லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதே அளவுள்ள பேட்டரியில் கூடுதல் ஆற்றல் அடங்குகிறது. சிலிக்கான் லித்தியத்தை ஏற்கும்போது பெரிதாக உப்பும் இயல்புடையது. அந்த உப்பலைத் தாங்கவே கார்பன் கட்டமைப்பு உதவுகிறது. தொழில்நுட்பம் நம்பத்தக்கதுதான். எத்தனை சார்ஜ் சுழற்சிக்குப் (முழு சார்ஜ் ஒருமுறை செலவாகி மீண்டும் ஏறுவது ஒரு சுழற்சி) பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று நிறுவனம் எழுத்தில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரே மாடல் ஒரு நாட்டில் பெரிய பேட்டரியோடும் இன்னொரு நாட்டில் சிறிய பேட்டரியோடும் விற்கப்படுவதையும் கவனிக்கலாம். ஒரு செல்லில் 20 வாட்-மணிக்கு மேல் இருந்தால் சரக்குப் போக்குவரத்தில் லித்தியம் பேட்டரிகளுக்கான விதிகள் கடுமையாகின்றன என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. முதல் பதிலில் வந்த 19.35 என்ற கணக்கு அந்த வரம்புக்குச் சற்றே கீழே இருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: விளையாடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் கைபேசி சூடாகிக் காட்சிகள் தடுமாறுகின்றன. வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஒரே முறை ஓட்டி எடுத்த மதிப்பெண் இதற்கு உதவாது. வரைகலை வேகத்தை அளக்கும் 3டிமார்க் செயலியின் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு நிமிடச் சோதனையை 20 முறை தொடர்ந்து ஓட்டி, மிகச் சிறந்த சுற்றோடு ஒப்பிட்டால் மிக மோசமான சுற்று எத்தனை சதவீதம் என்று காட்டும். அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் பிழைதான். மிக வலுக்குறைந்த சிப் இந்தச் சோதனையில் வேகத்தைக் குறைக்கும் அளவுக்குச் சூடாவது அரிது. ஆகவே 99 சதவீதம் வாங்கிவிடும், ஆனால் முதல் சுற்றிலிருந்தே விளையாட்டு ஓடாது. மோசமான சுற்றின் மதிப்பெண்ணை இரண்டு கைபேசிகளுக்கும் எடுத்து ஒப்பிடுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகு உங்கள் கையில் இருக்கப் போவது அந்த வேகம்தான். கைபேசியின் ஒட்டுமொத்த வேகத்துக்கு மதிப்பெண் தரும் அன்டுடு செயலியின் மதிப்பெண்களை ஒப்பிடுபவர்கள் இரண்டும் ஒரே பதிப்பில் எடுக்கப்பட்டவையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: இரவில் தொடாமல் வைத்தாலும் காலையில் 12 சதவீதம் குறைந்திருக்கிறது. விரைவு சார்ஜரால் பேட்டரி கெட்டிருக்குமா?

பதில்: சார்ஜரை விட்டுவிட்டு முதலில் செயலிகளைத் தேடுங்கள். இன்றிரவு படுக்கும் முன் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு விமானப் பயன்முறையில் வையுங்கள். காலையில் மீண்டும் குறியுங்கள். இறக்கம் ஓரிரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்டால் பேட்டரி நலமாகவே இருக்கிறது; இணையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும் செயலியோ வலுவில்லாத சிக்னலோதான் காரணம். மறுநாள் விமானப் பயன்முறையின்றி வைத்து, காலையில் அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, பின்னணியில் அதிக நேரம் ஓடியது எது என்று பார்த்து அதைக் கட்டுப்படுத்துங்கள். விமானப் பயன்முறையிலும் அதே 12 சதவீதம் இறங்கினால் சேவை மையத்தில் காட்டுங்கள்.

விரைவு சார்ஜைக் காட்டிலும் வெப்பம்தான் பேட்டரியைக் கெடுக்கிறது. சார்ஜ் ஏறும்போது விளையாடுவதையும் தலையணைக்கடியில் வைப்பதையும் தவிருங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அம்மாவுக்காக வாங்குகிறேன். அழைப்பு, வீடியோ அழைப்பு, காணொளி, அவ்வளவுதான். ஒன்றில் 12 நானோமீட்டர் சிப், 4 ஜிபி ரேம், இஎம்எம்சி, 6000 எம்ஏஎச். மற்றதில் 6 நானோமீட்டர் சிப், 6 ஜிபி ரேம், யுஎஃப்எஸ் 2.2, 5000 எம்ஏஎச். நான்கு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். வீடியோ அழைப்பில் கேமரா, திரை, சிப், இணையம் நான்கும் ஒருசேர உழைக்கின்றன. 12 நானோமீட்டர் சிப் அங்கே சூடாகித் தன் 1000 எம்ஏஎச் முன்னிலையில் பெரும்பகுதியை இழந்துவிடக்கூடும். நான்கு ஆண்டுகளில் செயலிகள் இன்னும் கனமாகும். 4 ஜிபி ரேமும் இஎம்எம்சியும் அப்போது திணறும். தேய்ந்த பேட்டரியைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம், ரேமையும் சேமிப்பகத்தையும் மாற்ற முடியாது.

வாங்குமுன் இரண்டை மட்டும் சரிபாருங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகள் வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்க வேண்டும். அந்த மாடல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விற்பனையாகிறதா என்றும் பாருங்கள்: 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு ஆற்றல் அட்டை கட்டாயம். ஒரு முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை சுழற்சி தாங்கும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது அங்குள்ள குறைந்தபட்ச விதி. ஈப்ரெல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் மாடல் பெயரைத் தேடினால் எந்த நாட்டில் இருப்பவரும் அந்த அட்டையைப் பார்க்கலாம். பேட்டரியின் எம்ஏஎச் அளவு நீங்கள் வாங்கும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போனால் அந்த எண்களை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.