மின்னசோட்டாவில் ஸ்கேனர்: அந்த இரைச்சலுக்குள் இருப்பது

தம்பி, கராஜ் சேலில், போலீஸ், தீயணைப்பு ரேடியோப் பேச்சைக் கேட்க உதவும் பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கியதாகவும், 850 மெகாஹெர்ட்ஸ் தாண்டினால் ஓயாத இரைச்சல்தான் கேட்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்கு சாஃப்ட்வேர் உண்டா, எச்1பி விசாவில் இருப்பவர் போலீஸ் ரேடியோவைக் கேட்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

விசா கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். என்கிரிப்ட் செய்யாத, அதாவது ரகசியக் குறியீடாக மாற்றாத போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சை வீட்டில் உட்கார்ந்து கேட்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றமில்லை. யாருக்கு என்ன விசா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. அங்கிருக்கும் நண்பர்கள் பயமுறுத்தினால் காரணம் அதுதான். ஆனால் காரில் மட்டும் வேண்டவே வேண்டாம். போலீஸ் அலைவரிசையைப் பிடிக்கும் கருவியை அனுமதியில்லாமல் வண்டியில் வைத்திருப்பதே மின்னசோட்டாவில் சட்டவிரோதம். லேப்டாப்பும் அதில் செருகும் ரேடியோ டாங்கிளும் சேர்ந்தாலும் அதே கணக்குதான்.

சரி, இரைச்சல். இந்த மாநிலம் முழுக்க ஆர்மர் என்ற 800 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ரேடியோ அமைப்பு ஓடுகிறது. அது பி25 என்ற பொதுப் பாதுகாப்பு ரேடியோத் தரத்தில் இயங்குவது. யாருக்கும் நிரந்தர அலைவரிசை கிடையாது. வங்கியில் டோக்கன் கொடுத்துக் காலியான கவுண்டருக்கு அனுப்புவது போல, கண்ட்ரோல் சேனல் ஒவ்வொரு பேச்சுக்கும் அந்த நேரத்தில் காலியாக உள்ள அலைவரிசையை ஒதுக்குகிறது. உங்கள் காதில் ஓயாமல் விழுவது பெரும்பாலும் அந்தக் கண்ட்ரோல் சேனல்தான். பழைய அனலாக் ஸ்கேனரால் அதைப் படிக்க முடியாது.

கணினியின் யுஎஸ்பியில் செருகினால் அதை ரேடியோவாக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். விண்டோஸ் என்றால் ஸாடிக் என்ற சிறு நிரல் கொண்டு டாங்கிளின் டிரைவரை மாற்றிவிட்டு, இந்த டிஜிட்டல் பேச்சைப் பின்தொடர்ந்து கேட்க உதவும் எஸ்டிஆர்ட்ரங்க் என்ற சாஃப்ட்வேரை நிறுவுங்கள், இலவசம். டிஜிட்டல் தரவைக் குரலாக மாற்றும் ஜேஎம்பிஇ என்ற துணை நிரல் அதோடு வராது, நிரலுக்குள்ளேயே அதை உருவாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் திரையில் எல்லாம் நகரும், சத்தம் மட்டும் வராது. அப்புறம் ரேடியோ ரெஃபரன்ஸ் தளத்தில் உங்கள் கவுண்டியின் கண்ட்ரோல் சேனலைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு டாங்கிள் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பார்க்கும். ஒதுக்கப்படும் அலைவரிசை அதற்கு வெளியே போனால் அந்தப் பேச்சு தவறிவிடும், அப்போது இரண்டாவது டாங்கிள் தேவைப்படும்.

பலர் கைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். மினியாபொலிஸ் சுற்றுவட்டாரத்தில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. இதற்குப் பெயர் சைமல்காஸ்ட். அவை மைக்ரோ விநாடிக் கணக்கில் முன்பின்னாக வந்து ஒன்றோடொன்று மோதுவதால், சிக்னல் பலமாக இருந்தும் குரல் துண்டு துண்டாக வரும். விலை உயர்ந்த டிஜிட்டல் ஸ்கேனர்களே பல இதில் திணறும். எஸ்டிஆர்ட்ரங்கில் சேனல் அமைப்புக்குள் போய், மாடுலேஷனை (சிக்னலைப் படிக்கும் முறையை) வழக்கமான சி4எஃப்எம்மிலிருந்து சைமல்காஸ்டுக்கு மாற்றுங்கள். பிறகு ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒரு கோபுரம் மட்டும் ஓங்கிக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சிக்னலைப் பெருக்கும் கெய்ன் அளவை உச்சத்தில் வைக்காதீர்கள், பக்கத்துச் செல்போன் கோபுரமே டாங்கிளைத் திணறடித்துவிடும்.

ஆன்டெனா பெரிதாக வேண்டாம், 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பி போதும். குளிர் தாங்கும் இந்த ஊர் ஜன்னல் கண்ணாடிகளில் பல உலோகப் பூச்சு கொண்டவை, அவை சிக்னலை மறைக்கும். வேறு ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

என்கிரிப்ட் ஆன பேச்சை எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்குத் திறந்து தராது, முயலவும் வேண்டாம். மினியாபொலிஸ் போலீஸ் 2025இல் அப்படிப் போய்விட்டது, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். எங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழி ஒன்று அடைபட்டது. தீயணைப்புப் பிரிவுகள் பலவற்றை இன்னும் கேட்கலாம்.

கேட்டதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். யாரோ ஒருவரின் வீட்டு முகவரியும் நோயும் அதில் இருக்கும்.

அந்தப் பழைய ஸ்கேனரைத் தூக்கிப் போட வேண்டாம். மினியாபொலிஸ் பக்கம் 162.550 மெகாஹெர்ட்ஸில் தேசிய வானிலைச் சேவையின் ஒலிபரப்பு அனலாக்கிலேயே நாள் முழுக்க வருகிறது, பனிப்புயலுக்கும் சூறாவளிக்கும் அதுதான் முதலில் வேண்டும். எஸ்டிஆர்ட்ரங்கில் சிக்கினால் கவுண்டி பெயரும் கண்ட்ரோல் சேனலும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.