தாத்தாவின் பழைய சவரக்கத்திக்குப் புது மரப்பிடி போட்டால் மறுபடியும் சவரம் செய்ய முடியுமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர முத்திரை உள்ள மடக்குக்கத்தி, பிடி நொறுங்கிவிட்டது, இரும்பில் துரு என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மரம் தேடப் போகும் முன் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதுகிலும் நடுவிலும் உள்ள துரு பெரிய விஷயமில்லை. வாயை ஒட்டிக் குழி குழியாக அரித்திருந்தாலோ, மயிரிழை அளவு விரிசல் இருந்தாலோ, அதைக் கொண்டு முகத்தைத் தொட வேண்டாம். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பிடி நொறுங்கியதற்கும் துரு ஏறியதற்கும் பல நேரம் ஒரே காரணம்தான். அந்தக் காலத்துப் பிடிகளில் நிறைய செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. வயதானால் அதிலிருந்து அமில ஆவி கசியும். மடக்கி வைத்த கத்தி வருடக்கணக்கில் அந்த ஆவியிலேயே கிடக்கும். பிடியை வெந்நீர்த் துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அதை ஒட்டவைக்க முயல வேண்டாம், கழற்றிவிடுங்கள். சட்டென்று தீப்பற்றும் பொருள், அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

கழற்றும்போது ஆணியை நெம்பாதீர்கள். தலையை மெல்லிய அரத்தால் ராவி, வாஷர் விழுந்ததும் ஆணியைத் தட்டி வெளியே எடுங்கள். பிறகு உப்புத்தாளை நனைத்து 400, 600, 1000, 2000 என்று கையாலேயே தேயுங்கள். மோட்டார் சக்கரம் வேண்டாம்: மெல்லிய வாய் நொடியில் சூடாகும், நீலம் பாரித்தால் அந்த இடத்து எஃகின் பதம் போயிற்று. கத்தியைப் பிடுங்கி வீசவும் செய்யும். வாலில், அதாவது பிடியோடு ஆணியடிக்கும் பகுதியில், உள்ள முத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. அதனால் ஊர்ப்பெயரோடு ‘இங்கிலாந்து’ என்றும் பொறித்திருந்தால் கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அந்த எழுத்தை அழிப்பது எனக்கு மனசே ஆகாத காரியம்.

இனி மரம். என் தேர்வு ஈட்டி மரம் (ரோஸ்வுட்). அதை வெட்டுவதற்குத் தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. புது மரம் தேட வேண்டாம், ஆசாரியின் பட்டறையில் கிடக்கும் பழைய நாற்காலிக் கால் போதும். கருங்காலி அழகுதான், துளை போடும்போது பிளந்துவிடும். நார் நீளவாக்கில் ஓடும்படி பிடியின் இரு பக்கத்துக்கும் இரண்டு பட்டை அறுத்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டி, வடிவம் வெட்டுவதையும் 1.6 மில்லிமீட்டர் துளை போடுவதையும் சேர்த்தே செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் துளைகள் நேர்படாது. பட்டை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். அதற்கு மேல் போனால் வளையாது.

வளைய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பிடியின் அடிமுனையில் இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ஆப்பு இருக்கும். பழைய கத்திகளில் பெரும்பாலும் ஈயம். பலர் அதை வெறும் இடைவெளி நிரப்பி என்று நினைத்து ஒரு சதுரத் துண்டை வைத்துவிடுகிறார்கள். ஆப்பு உள்பக்கம் போகப் போகச் சரிந்து மெலிய வேண்டும். அப்போதுதான் பட்டைகள் நடுவில் லேசாக வெளியே வளைந்து கத்திக்கு இடம் விடும், மேல்முனையில் வாலை இறுக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் தடித்திருந்தாலும் மடக்கும்போது வாய் மரத்தில் உரசும். பித்தளையிலோ அதே மரத்திலோ செய்துகொள்ளலாம். அரத்தால் ஓர் இழுப்பு, சின்ன போல்ட் நட்டு போட்டு மடக்கிப் பார்ப்பது, மறுபடி ஓர் இழுப்பு. கத்தி நட்ட நடுவில் வந்து உட்காரும் வரை இதை விடாதீர்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பொருந்திய பிறகு மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிட்டு, பித்தளைக் கம்பியை ஆணியாகப் போடுங்கள். வாஷருக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உருண்டை முகச் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், விளிம்பைச் சுற்றி டொக் டொக்கென்று தட்டித் திருப்பி, மறுபக்கமும் அப்படியே தட்டினால் தலை காளான் மாதிரி விரியும். கத்தி தானாக ஆடி விழாமல், விரலால் தள்ளினால் மட்டும் திறந்தால் போதும், நிறுத்திவிடுங்கள்.

தீட்டுவது கடைசியில். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தருகிறது. 1000, 5000, 8000 எண் கற்கள், அப்புறம் வாயை இழுத்து மெருகேற்றும் தோல்வார். வாரில் எப்போதும் முதுகு முன்னால், வாய் பின்னால். சவரம் முடிந்ததும் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி மடக்குங்கள். குளியலறை அலமாரியில் மட்டும் வைக்க வேண்டாம்.