பாயில் விழும் மடிப்பு: வாசகர் கடிதங்களும் பதில்களும்

விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் ஓடும் நீர் விளையாட்டு) பாய் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள், ஆனால் முக்கால்வாசிப் பேரின் கவலை மடிப்புதான். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மாஸ்டை (பாயைத் தாங்கும் கம்பத்தை) நுழைக்கும்போதெல்லாம் பாய் ஒரு பக்கமாகக் குவிந்து, ஃபிலிமில் (பாயின் பிளாஸ்டிக் தாளில்) மடிப்பு விழுகிறது. வாங்கிச் சில வாரம்தான் ஆகிறது. தரமில்லாத பாயா?

பாயில் குறை இல்லை. மாஸ்டை ஒரே மூச்சில் தள்ளுகிறீர்கள், அதுதான் காரணம். மாஸ்ட் உள்ளே போகப் போக ஸ்லீவ் (மாஸ்ட் நுழைகிற உறை) துணி கொசுவிக்கொண்டு ஓரிடத்தில் சேரும். துணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதோடு தைத்திருக்கும் ஃபிலிம் கொசுவத் தெரியாத பொருள். அது மடியும்.

பாயை முழுக்க விரித்துவிட்டுத்தான் மாஸ்டைத் தொட வேண்டும். பாதி சுருளாக இருக்கும்போதே நுழைக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. மாஸ்டைக் கொஞ்சம் தள்ளுங்கள், நிறுத்துங்கள், சேர்ந்த துணியை அடிப்பக்கம் நோக்கி இழுத்து நீவிவிடுங்கள், அப்புறம் மறுபடி தள்ளுங்கள். பூம் (கையால் பிடிக்கிற குறுக்குத் தடி) மாட்டுவதற்காக ஸ்லீவில் விட்டிருக்கும் திறப்பு வழியாக மாஸ்ட் நுனி வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அங்கே சிக்கியது தெரியாமல் தள்ளுகிறவர்கள்தான் ஃபிலிமை அதிகம் மடிக்கிறார்கள்.

மாஸ்ட் உச்சிவரை போனதும் டவுன்ஹாலை (பாயைக் கீழே இழுக்கிற கயிற்றை) முழுசாக இழுத்துவிடாதீர்கள். முதலில் கையால் வருகிற அளவுக்கு மட்டும். பிறகு பூமை மாட்டி, அவுட்ஹாலை (பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கிற கயிற்றை) லேசாக இழுத்துப் பாயைத் திறந்துகொள்ளுங்கள். அதன்பிறகு டவுன்ஹாலை முழு அளவுக்கு, கடைசியில் அவுட்ஹாலைத் தேவைக்கு. கழற்றும்போது அவுட்ஹால் முதலில், டவுன்ஹால் அடுத்து. மாஸ்டை உருவும்போது ஸ்லீவைப் பிடித்து இழுங்கள். ஃபிலிமைப் பிடித்து இழுக்கவே கூடாது. இது எதற்கும் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

கேள்வி: மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்கலாமா?

கூடாது. சூடு பட்டால் ஃபிலிம் சுருங்கும், மடிப்பும் அப்படியே இருக்கும்.

கேள்வி: புதுப் பாய்க்குப் பணம் கட்டினேன். குட்டையான அட்டைப்பெட்டியில் வந்தது. திறந்தால் சுருட்டிய பாயை நடுவில் இரண்டாக மடித்து வைத்திருக்கிறார்கள். ஃபிலிமில் வரிசையாக வெள்ளைக் கோடுகள். விற்றவர், "டவுன்ஹால் போட்டால் போய்விடும், அழகுக் குறைதான்" என்கிறார். உண்மையா?

உண்மை இல்லை. உங்களை ஏமாற்றுகிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது நடந்துகொண்டே இருக்கிறது, வாங்கியவர்கள்தான் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள்.

பாயில் விழுவது இரண்டு வகை. சுருட்டி வைத்ததால் வருகிற அலை போன்ற மேடுபள்ளம் ஒன்று. அதைத் தடவினால் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, டவுன்ஹால் இழுத்ததும் காணாமல் போகும். விற்றவர் சொன்னது இந்த வகைக்குப் பொருந்தும். மற்றது மடிப்புக் கோடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளையாகத் தெரியும், நகத்தால் வருடினால் மாட்டும். அந்த இடத்தில் ஃபிலிம் உள்ளுக்குள்ளேயே அடிவாங்கிவிட்டது. பாயைப் போட்டு இழுத்த பிறகும் கோடு அங்கேயேதான் இருக்கும். காற்றில் பாய் ஒவ்வொரு முறை படபடக்கும்போதும் அதே கோட்டில்தான் மடிந்து மடிந்து நிமிரும். வெயிலில் ஃபிலிம் மொரமொரப்பாகும்போது முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான். பாயின் ஆயுளையே குறைக்கிற சேதத்துக்கு அழகுக் குறை என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஏன் மடிக்கிறார்கள்? நீளமான பெட்டிக்கு அனுப்பும் கூலி அதிகம். அதை மிச்சம் பிடிக்க சுருளை முழங்காலில் வைத்து மடக்குகிறார்கள். சுருளை மடக்கினால் ஒரு கோட்டோடு நிற்காது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோடு விழும். நீங்கள் பார்த்த வரிசை அதுதான். குறுக்கே போகிற பேட்டன் குச்சிகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், உள்ளே முறிந்திருக்கக்கூடும். முறிந்த பேட்டனின் முனை பாக்கெட்டைக் குத்திக் கிழிக்கும்.

துணிப் பாயை மடித்துப் பழகிய கைகள் இன்னும் இந்த வியாபாரத்தில் இருக்கின்றன என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆரம்ப காலத்துப் பாய்கள் டாக்ரான் துணியில் தைத்தவை, அவை மடிப்பைத் தாங்கின. ஃபிலிம் பாய் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பாய் விற்பவருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்தப் பாயை மாஸ்டில் ஏற்றாதீர்கள். ஒரு தடவை ஏற்றிவிட்டால் "நீங்கள்தான் மடித்தீர்கள்" என்பார்கள். பெட்டி, பெட்டிமேல் ஒட்டிய சீட்டு, ஃபிலிமில் உள்ள கோடு, மூன்றையும் படம் எடுங்கள். கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுங்கள். இன்றைக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சோடு விடாதீர்கள். மாற்றுப் பாய் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். "கொஞ்சம் தள்ளுபடி தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு: பணம் கட்டும் முன் பெட்டியின் நீளம் என்ன என்று கேளுங்கள். பாயின் லேபிளில் பூம் நீளம் போட்டிருக்கும். பெட்டி அதைவிடக் குட்டை என்றால் பாயை மடிக்காமல் உள்ளே வைக்க முடியாது.

கேள்வி: 6.5 சதுர மீட்டர் பாய் வாங்கினேன். நண்பர் கொடுத்த 400 (செ.மீ. நீள) மாஸ்டைப் போடுகிறேன். எவ்வளவு இழுத்தாலும் மாஸ்ட் ஓரத்தில் சுருக்கம் போகவில்லை. பாயைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பாயின் அடியில் அச்சடித்திருப்பதை வாங்கும்போது படித்தீர்களா? லஃப் (பாயின் மாஸ்ட் ஓரம்) நீளம், பூம் நீளம், எந்த மாஸ்ட், எவ்வளவு விறைப்பு என்று எல்லாமே அங்கே இருக்கிறது. உதாரணத்துக்கு லஃப் 466 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 460 மாஸ்ட் என்றால் எக்ஸ்டென்ஷன் (மாஸ்டின் அடியில் சேர்க்கிற நீட்டிப்பு) 6 செ.மீ. போதும். 430 என்றால் 36. உங்கள் 400க்கு 66 செ.மீ. வேண்டும், அது சரிப்படாது. விறைப்பும் அளவோடு மாறுகிறது. 400 மாஸ்டின் ஐஎம்சிஎஸ் எண் (விறைப்பைச் சொல்கிற அளவு) வழக்கமாக 19, 430க்கு 21, 460க்கு 25. இதற்கு மேல் வளைவு என்று ஒன்றும் இருக்கிறது. நுனி அதிகம் வளைகிற மாஸ்ட், நுனி விறைத்த மாஸ்ட், சீராக வளைகிற மாஸ்ட் என்று வகைகள் உண்டு. பாயை ஒரு வளைவுக்கென்றே வெட்டித் தைக்கிறார்கள். வேறு வளைவில் மாட்டினால் எங்கேயாவது சுருக்கம் இருந்தே தீரும்.

கடைக்காரர் மேல் தவறில்லாதபோது திருப்பிக் கொடுப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சரியான மாஸ்டை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மாஸ்டுக்குக் குறுக்காகச் சுருக்கம் ஓடினால் டவுன்ஹால் போதவில்லை. பேட்டன் பாக்கெட்டை வெட்டிக்கொண்டு சின்னச் சின்னச் சுருக்கம் நின்றால் அந்தப் பேட்டனைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்துப் பழைய பாய் ஒன்று வாங்கினேன். "குறைவாகப் பயன்படுத்தியது" என்று போட்டிருந்தார்கள். முதல் நாளே ஜன்னல் பகுதி (ஊடே பார்க்கிற தெளிவான ஃபிலிம்) நீளமாகக் கிழிந்தது. விற்றவர் இப்போது பதிலே சொல்வதில்லை.

உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. நானும் இதேபோல் ஒரு பாய் வாங்கியிருக்கிறேன். எல்லாப் படமும் தூரத்திலிருந்து, விரித்து ஏற்றிய நிலையில், பளிச்சென்று இருந்தது. கைக்கு வந்தபோது ஃபிலிம் பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. நல்ல காற்று ஒன்று அடித்ததும் பழைய மடிப்பு ஒன்றின் வழியே கிழிந்தது. "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது" என்றார் விற்றவர். அந்தப் பணம் திரும்பி வரவில்லை, அந்தக் கோபமும் எனக்கு இன்னும் தீரவில்லை.

விளம்பரத்தில் இருந்த வாசகத்தையும் படங்களையும் உடனே சேமித்துக்கொள்ளுங்கள், அவை அழிக்கப்படலாம். இணையச் சந்தை வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கே புகார் கொடுங்கள். நேரடியாகக் கட்டியிருந்தால், பணம் போன வழியில் தகராறு எழுப்ப முடியுமா என்று பாருங்கள்.

எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்பது பாயின் வயதைச் சொல்லாது. எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பதுதான் சொல்லும். ஆகவே பழைய பாய் வாங்கும் எவரும் ஜன்னல் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே, கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பாயின் அடிப்பகுதி, பூம் திறப்பைச் சுற்றிய இடம், பேட்டன் முனைகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: எந்த ஃபிலிம் பாய் வாங்கலாம், மோனோஃபிலிமா (ஒற்றை அடுக்கு), எக்ஸ்-பிளையா?

பழகுகிறவர், அடிக்கடி விழுகிறவர் என்றால் எக்ஸ்-பிளை. இரண்டு ஃபிலிமுக்கு நடுவே நூல் வலை இருப்பதால் கிழிசல் ஓடாமல் நிற்கும். மோனோஃபிலிம் கண்ணாடி மாதிரித் தெளிவாகவும் லேசாகவும் இருக்கும், ஆனால் ஒரு இடத்தில் பிய்ந்தால் தையல்வரை ஓடும். மடிப்பு இரண்டுக்குமே கெடுதல்தான்.

கேள்வி: ஓய்வு எடுக்கும்போது பாயை ஏற்றியபடியே கரையில் போட்டுவைப்பேன், மாலைவரைகூட. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் ஒரு பக்கம் தின்கிறது, காற்றில் படபடத்து மடிப்புகள் இன்னொரு பக்கம் வளர்கின்றன. கொஞ்ச நேரம்தான் என்றால் மாஸ்ட் பக்கம் காற்றைப் பார்த்திருக்கும்படி கிடத்துங்கள். அதற்கு மேல் என்றால் கழற்றிச் சுருட்டுங்கள்.

கேள்வி: சுருட்டுவதில் சரியான முறை என்ன? ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமா?

உச்சியிலிருந்து தொடங்கி, பேட்டன்களுக்கு இணையாகச் சுருட்டுங்கள். பேட்டன் சாய்வு மாறுகிற இடத்தில் சுருளையும் அதற்கேற்பத் திருப்புங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம். அடியில் இருக்கும் உலோகக் கப்பி வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே போனால் ஃபிலிமை அழுத்தி அச்சு பதிக்கும்.

உப்பைவிட மணல்தான் முதல் எதிரி. மணலோடு சுருட்டினால் ஃபிலிம் கீறும், மாஸ்டின் இரண்டு துண்டுகளும் பொருத்தில் சிக்கிக்கொள்ளும். மணலைக் கழுவிவிடுங்கள், கப்பிக்கும் தண்ணீர் காட்டுங்கள், நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: மடிப்புக் கோட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். டேப் போதுமா, தையல்காரரிடம் போகணுமா?

விரல் நீளம் என்றால் டேப் போதும், பாய்க்கென்று விற்கிற டேப்பாக இருக்க வேண்டும். சாதாரண பேக்கிங் டேப் வேண்டாம். முதலில் உப்பைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை சீக்கிரம் உரியும். இரண்டு பக்கமும் ஒட்டி, காற்றுக் குமிழி போகும்வரை தேயுங்கள். கோட்டின் மீதிப் பகுதி இன்னும் கிழியவில்லை என்றாலும் அதன்மேலும் ஒட்டிவிடுங்கள். கிழிசல் தையலைத் தாண்டியிருந்தாலோ, கையளவுக்கு மேல் போயிருந்தாலோ அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பாய் தைப்பவரிடம் போங்கள். போகும்போதும் சுருட்டியே கொண்டுபோங்கள்.