கடை வாங்குகிறீர்களா, மைத்துனருக்குக் கடன் கொடுக்கிறீர்களா?

கேள்வி: சொந்த ஊர் தூத்துக்குடி. கடற்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, விசாகப்பட்டினம் மல்காபுரத்தில் குடியிருக்கிறேன். ஓய்வூதியம் 36,000 ரூபாய், இப்போதைய காவல் வேலையில் 28,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 17,000. மனைவியின் தம்பி தொழில் தொடங்க என் பெயரில் வாங்கிய 8 லட்சம் தனிநபர் கடனுக்குத் தவணை 18,000. அவர் நான்கு மாதம் கொடுத்தார், பிறகு நான்தான் கட்டுகிறேன். இப்போது இதே நகரின் காஜுவாக்காவில் ஒரு கடை 60 லட்சத்துக்கு வருகிறது. வங்கி 40 லட்சம் தருகிறது, மீதிக்கு ஓய்வின்போது வந்த பணம் இருக்கிறது. மைத்துனரே வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்து மாதம் 26,000 வாடகை தருவாராம். ராம்பில்லியில் புதிய கடற்படைத் தளமும் வருகிறது. துணியலாமா?

பதில்: வணிகக் கட்டடம் நல்ல முதலீடா என்று கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டடத்தைவிட மைத்துனர்தான் அதிகம் தெரிகிறார். முந்தைய கடனில் நான்கு மாதத்தோடு நின்றவர்தான் இந்தக் கடையின் ஒரே வாடகைதாரர். அவர் கேட்டால் கையெழுத்துப் போடுவது உங்களுக்குப் பழகிவிட்டது. இம்முறை அந்தக் கையெழுத்தின் விலை 64.5 லட்சம்.

60 அல்ல, 64.5. பத்திரப் பதிவுக்கு ஏழரை சதவீதம் வைத்தால் நாலரை லட்சம். 40 லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் தவணை மாதம் 44,000 ரூபாயைத் தாண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5.3 லட்சம். மைத்துனர் ஒழுங்காகக் கொடுத்து, ஆண்டில் ஒரு மாதம் மட்டும் தவறினாலும் வரவு 2.86 லட்சம். சொத்து வரி, பராமரிப்பு போக இரண்டரை லட்சம் மிஞ்சும். மாதத்துக்கு 23,000 ரூபாய் கையிலிருந்து போடவேண்டும். உங்கள் 64,000 வருமானத்தில் பழைய தவணைகள் போக 29,000தான் இருக்கிறது. மிச்சம் 6,000. அதில் அரிசி வாங்குவீர்களா, மின்கட்டணம் கட்டுவீர்களா?

புதிய வருமான வரி முறையில் இருந்தால் இந்த வட்டியால் வரும் நட்டத்தை ஓய்வூதியத்தில் கழிக்கவும் முடியாது.

தொழிலாவது நிற்குமா? உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை எங்கே வாங்கினீர்கள்? ராணுவ கேன்டீனில்தானே? கடற்படைக் குடும்பங்களை நம்பி, அவர்களுக்குக் கேன்டீனில் மலிவாகக் கிடைப்பதையே விற்கப்போகிறார் உங்கள் மைத்துனர். அந்த ஊரில் தையல் கடை, டியூஷன் மையம், பல் மருத்துவமனை பிழைக்கும்; மாற்றலாகிப் போகும் குடும்பத்தின் இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். ராம்பில்லி விசாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே நீர்மூழ்கிக் கப்பல் நின்றால் காஜுவாக்காவில் மிக்சி விற்குமா?

இன்னொன்று, யாராவது இதற்குப் பதிலாகப் பத்து லட்சம் போட்டு அலுவலகக் கட்டடத்தில் பங்கு வாங்குங்கள் என்று வந்தால் அவசரப்படாதீர்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு இதற்கு 2024இல் விதி வகுத்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் வேண்டுமே. கட்டி முடியாத கடைக்கு மாதாமாதம் உறுதியான வருமானம் என்று அச்சடித்த தாள் நீட்டுபவரிடம் பேச்சே வேண்டாம்.

நீங்கள் செய்யவேண்டியது: ஓய்வுப் பணத்திலிருந்து அந்தத் தனிநபர் கடனை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். மாதம் 18,000 உங்களுக்குத் திரும்பும். மீதியை வங்கி வைப்பிலும் அஞ்சலகத்திலும் பிரித்துப் போடுங்கள். மனைவியிடம் மேலே உள்ள கணக்கை அப்படியே காட்டுங்கள்; தம்பிக்குப் பதில் சொல்லும் பாரம் உங்கள் ஒருவர் தலையில் இருக்கவேண்டாம்.

மைத்துனருக்குக் கடை வேண்டுமென்றால் அதை இப்போதைய உரிமையாளரிடமே 26,000 வாடகைக்கு எடுத்து நடத்தட்டும், முன்பணமும் அவருடையதாக இருக்கட்டும். ஓராண்டு தவறாமல் கொடுத்த ரசீதுகளோடு வரட்டும். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.