வாய்க்காலுக்கு இல்லாத பணம் ஆராய்ச்சிக்கு எதற்கு?

கேள்வி: வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சி, டி வாய்க்கால் தூர்வாரப் பணமில்லை என்கிறார்கள். கருவை அழித்துச் செய்கிற ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு மட்டும் அரசு பணம் கொடுக்கிறது. இதைத் தனியாரிடம் விட்டால் என்ன?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஸ்டெம் செல் என்பது பலவகை செல்களாக மாற வல்ல மூல செல். இந்த ஆராய்ச்சியைத் தனியாரிடம் விட்டால் என்ன ஆகும் என்று மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கேட்டால் சொல்வார். அவர் மகனுக்குத் தசைச்சிதைவு நோய். நகரத்து மருத்துவமனை ஒன்று கொடுத்த பில்லை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். 'ஸ்டெம் செல் தெரபி, முதல் சிட்டிங்' என்று ஒரே வரி, எதிரே லட்சக்கணக்கில் தொகை. என்ன செல், எங்கே எடுத்தது, ஒன்றும் இல்லை. ஆறு மா நிலத்தை ஒத்திக்கு வைத்துக் கட்டிய பணம் அது. பையன் எழுந்து நடக்கவில்லை. அடுத்த சிட்டிங்குக்கு எப்போது வருகிறீர்கள் என்று போன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறதாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் பரிசோதனை. பரிசோதனைக்கு உட்படுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. அப்படியானால் அந்தச் செலவை யார் ஏற்பது? அரசு கையை விரித்தால் நோயாளியின் நிலம்தான் ஏற்கும். அநியாயம் நடக்கிற இடம் இதுதான்.

கரு விஷயத்தில் உங்கள் கூச்சத்தை நான் மதிக்கிறேன். 1998-இல் மனிதக் கருவிலிருந்து இந்த செல்களைப் பிரித்தெடுத்த நாள் முதல் உலகமே இதில் சண்டை போட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2001-இல் அதிபர் புஷ் இந்த ஆராய்ச்சிக்கான மத்திய அரசின் பணத்துக்குக் கடிவாளம் போட்டார். 2004-இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நம் நாட்டில் செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சும் கருவைத் தம்பதியின் சம்மதத்தோடு எடுக்கலாம், 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. அப்புறம், 2006-இல் ஜப்பான் விஞ்ஞானி யமனாகா எலியின் சாதாரண செல்லையே ஸ்டெம் செல் போல மாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டே மனித செல்லிலும் அது நடந்தது. கருவைத் தொடாமலே எவ்வளவோ வேலை நடக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியையே பாருங்கள். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேர். அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, குறையாக இருந்த மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை என்று 2024 கடைசியில் முடிவு வெளியானது. அதில் நீங்களும் நானும் கட்டிய வரி இருக்கிறது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. தூர்வாராத வாய்க்கால் அன்றும் இருந்திருக்கும். அதற்காக ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால் குறுவைக்கு ஏடிடி 43 நெல் ரகம் ஏது? தூர்வாரும் பணத்துக்காகச் சண்டை போடுங்கள், நாங்களும் எழுதுகிறோம். ஆராய்ச்சிப் பணத்தில் கை வைக்கச் சொல்லாதீர்கள். வரிப்பணத்தில் பிறக்கும் மருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள்; அது நியாயமான கேள்வி.

உங்கள் ஊரில் யாராவது ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்டால், மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றாலும், எண் இருந்தும் காசு கேட்டாலும், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.